சூரியன் மறைவதற்குள் கன்னியாகுமரி

என் அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். மதுரைக் கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த நாகர்கோவில் டீச்சர் ஒருவர், அக்கா தாவணி போட்டிருந்த காலத்தில் சொல்லி வைத்தது இது. சித்திரைப் பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் நின்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமாம். "தலையத் திருப்பினா போதும், ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது" என்று டீச்சர் இரு கைகளையும் விரித்துக் காட்டியதை அக்கா எனக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறாள்.

சித்திரைப் பௌர்ணமி என்பதுதான் சிக்கல். அன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார். கோச்சடைக்காரர் யாரும் அன்று ஊரை விட்டு நகர மாட்டார்கள். அக்காவைத் திருமங்கலத்தில் கட்டிக் கொடுத்த பிறகும் இது மாறவில்லை. மச்சான் வீட்டார் முதல் நாளே டிராக்டரில் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். அண்டா அண்டாவாகப் புளியோதரை, நீர்மோர், பானகம். அக்கா கன்னியாகுமரி என்று வாயெடுத்தால், "அழகர விட்டுட்டா?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின.

நான் அப்போது மதுரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கண்டதைப் படிப்பதும், தேதி, நேரம், தூரம் என்று எதையாவது குறித்து வைப்பதும் என் பழக்கம். பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பௌர்ணமியிலும் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே நிலா உதிக்கிறது என்பது எனக்கு உறைத்தது. பிறகு ஏன் சித்திரை மட்டும்? அன்றே திருமங்கலம் போய், ஒரு பூசணிக்காயையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் வைத்து அக்காவுக்கு விளக்கினேன்.

"டீச்சர் சித்திரைன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

"மாசியிலயும் தெரியும்க்கா."

"தெரியலன்னா?"

"தெரியும்."

"தெரியலன்னா ஒன்னய அங்கயே கடல்ல தள்ளிட்டு வந்துருவேன், பாத்துக்க."

மச்சானுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் நிலம்; ஊருக்குள் ஒரு உரக்கடை. நான்கு மாதத்துக்கு முன்புதான் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியிருந்தார். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட்டு வந்தாயிற்று, அறுப்பும் முடிந்தது, பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு பௌர்ணமி. "சரி, அன்னைக்கி ஒரு நா. மறுநா மத்தியானம் கடை தொறந்துரணும்" என்றார் மச்சான். அக்கா பிள்ளைகளை அம்மாவிடம் விட்டாள். 1982, மார்ச் மாதப் பௌர்ணமி, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு ஐந்துக்கு நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

திருநெல்வேலி வழியாக நேரே போயிருக்கலாம். தூத்துக்குடிக்குத் திரும்பி, திருச்செந்தூர், அப்புறம் கடலை ஒட்டியே தெற்கே போகலாம் என்று சொன்னவன் நான்தான். வரைபடத்தில் அந்தச் சாலை நீலத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. நான் படித்திருந்த பயண நூல்களில் கடலோரச் சாலை என்றால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அலை, கார் நடுவில் சுற்றிச் சுற்றிப் போகும். அப்படி ஒன்று நமக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

"வளைஞ்சு வளைஞ்சு போகுமே மாப்ள, நேரமாகாதா?" என்று மச்சான் கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் கையில இருக்கு மச்சான்" என்றேன்.

திருச்செந்தூரில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். தரிசனம், சாப்பாடு எல்லாம் முடிந்து புறப்படும்போது ஒன்று பத்து. மச்சான் நேர் சாலையில் பழகியவர். எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளிய மரம் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். ஒரு மைலுக்கு முன்னால் வருகிற லாரியின் நிறத்தைச் சொல்லிவிடலாம். இங்கே நூறு கெஜம் தாண்டி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சாலை ஒரு பனங்காட்டைச் சுற்றியது, ஒரு மணல் மேட்டுக்குப் பயந்து ஒதுங்கியது, ஒரு மாதா கோயிலின் முகப்பு வரைக்கும் போய் எதையோ மறந்ததுபோலத் திரும்பியது.

"இந்த ரோட்டப் போட்டவன் ஆட்டுக்குட்டி பின்னால போயிருப்பான் போல" என்றார் மச்சான்.

எனக்கோ அந்த வளைவுகளின் காரணம் தெரிய வேண்டும். ஒரு முக்கில் பதநீர் விற்றவரிடம் வண்டியை நிறுத்திக் கேட்டேன். "மண்ணு நவளும்லா" என்றார் அவர். காற்றடி காலத்தில் தேரி என்கிற செம்மணல் மேடு இடம் மாறுமாம். முதலில் ஆள் நடந்த தடம் மணலுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது. அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டார்கள். மணல் அதற்குப் பிறகும் நகர்ந்திருக்கிறது. வளைவுகள் மட்டும் நின்றுவிட்டன. அதைக் குறித்துக்கொண்டேன். கடல் எத்தனை முறை கண்ணில் படுகிறது என்றும் எண்ணினேன். முதல் முக்கால் மணி நேரத்தில் ஐந்து முறை. அதில் ஒன்று உப்பளம் என்று அக்கா அடித்துவிட்டாள்.

"மணி என்ன?" என்று அக்கா பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். பஞ்சாங்கப்படி சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறரைக்கு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு கேள்வி நின்றது. திரும்பிப் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தாள்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் திருமங்கலத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் சோளக் கதிர், கம்பங்கதிர், உளுந்தஞ்செடி என்று பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகள் மேலேறிப் போனால் மணி உதிர்ந்துவிடும். களத்துக்குக் கொண்டுபோய் அடிக்கிற வேலை மிச்சம். ஒதுங்கிப் போகிற டிரைவரை ஊர் வையத்தான் செய்யும். நல்ல மனிதன் வேகத்தைக் குறைத்து, இரு சக்கரமும் கதிர் மேல் படும்படி ஓட்டுவான். மச்சான் தானே சாலையில் உளுந்து போடுகிறவர். அந்த மரியாதை அவருக்கு அத்துப்படி.

இரண்டு மணி இருக்கும். ஒரு வளைவு திரும்பியதும், சாலையின் பாதி அகலத்துக்கு, ஐம்பதடி நீளத்துக்கு, வெயிலில் மினுமினுவென்று ஏதோ பரப்பியிருந்தது. பக்கத்தில் ஆளில்லை. அப்பால் பத்துப் பதினைந்து ஓட்டு வீடுகள், ஒரு கொட்டகை. நான் மடியில் விரித்த வரைபடத்தில் இருந்தேன்.

"பாரு மாப்ள, வண்டி ஓட்டமே இல்லாத ரோட்டுல போட்டுட்டுப் போயிருக்காக. யாரு மிதிச்சுக் குடுப்பா?" என்றார் மச்சான். கியரைக் குறைத்தார். மெதுவாக ஏற்றினார். கடைசி வரை போய் நிறுத்தி, "ஒரு தடவ பத்தாது" என்று பின்னால் எடுத்தார். மறுபடி முன்னால்.

கருவாட்டு வாடை வரத்தான் செய்தது. ஆனால் அந்த வாடை இரண்டு ஊராகவே எங்களோடு வந்துகொண்டிருந்தது. கடல் காற்று இப்படித்தான் போலும் என்று எடுத்துக்கொண்டோம்.

கொட்டகையிலிருந்து நான்கு பெண்கள் ஓடி வந்தார்கள். கைகளை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். மச்சான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, அதெல்லாம் பரவாயில்லை என்கிற மாதிரி அசைத்தார்.

"என்ன வே! கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சா? போனதும் இல்லாம திரும்பி வந்து வந்துலா மிதிக்கான்!"

முன்னால் வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கார் முன்பக்கம் இரு கையையும் ஊன்றி நின்றாள். நான் இறங்கிக் கீழே பார்த்தேன். நெத்திலி. விரல் நீளத்தில் ஆயிரக்கணக்கான நெத்திலி. பாதி காய்ந்தது. நடுவே, டயரின் பூ அச்சு விழுந்த இரண்டு தடங்கள்.

"கதிருன்னு நெனச்சுப்புட்டேன்த்தா" என்றார் மச்சான்.

"கதிரா?"

"எங்க ஊர்ல ரோட்டுல கதிரு போட்டுருந்தா மேல ஏத்தித்தான் போவோம். ஒரு உதவிக்கு…"

"ஏட்டி, கேட்டியா? ஒதவி செஞ்சாராம்!" அந்தப் பெண் பின்னால் திரும்பிச் சொன்னாள். மற்ற மூவரில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. மச்சான் சட்டைப் பைக்குள் கை விட்டார்.

"காச உள்ள வையும். காசு வந்து மீனு பொறுக்குமா? நசுங்கினது கோழிக்குத்தான் ஆவும். நசுங்காதத இப்பவே பிரிச்சு, மண்ணு போக அலசி, வெயிலு தாழுமுன்ன காயப் போடணும். இல்லன்னா அம்புட்டும் புழுத்துரும். நாங்க நாலு பேருதான் இருக்கோம். கூட நின்னு பொறுக்கிக் குடுத்துட்டுப் போரும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபது. அக்கா எழுந்து, பின்கதவைத் திறந்து இறங்கியிருந்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. சாலையைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நேரமிருக்குமாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சா இருக்கும்க்கா. அதுக்கு மேல போனா சந்தேகந்தான்."

"ஒரு மணி நேரத்துல முடியுங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"முடியாது தாயீ."

மச்சான் மெல்ல, "இந்தா, ஒன்னோட ஆசைக்குத்தான் வந்தோம். நான் வேணா இங்கன நின்னு பொறுக்குறேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸப் பிடிச்சுப் போங்க" என்றார். பஸ் எப்போது என்று கேட்டதற்கு, ஆறு மணிக்கு ஒன்று வரும், வந்தால், என்று பதில் வந்தது.

"நம்ம உளுந்த ஒருத்தன் நாசம் பண்ணிட்டுக் கார எடுத்துட்டுப் போனா என்ன வைவீக?" என்று அக்கா கேட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம்.

நெத்திலி பொறுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. விரலால் நிமிண்டி எடுத்தால் வயிறு கிழிந்துவிடும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தள்ளிச் சேர்க்க வேண்டும். தலை போனது ஒரு கூடை, முழுசு ஒரு கூடை. முழுசைக் கடல் தண்ணீரில் இருமுறை அலச வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமாம். ஏன் என்று கேட்டேன். "நீரு என்ன, பரிச்சைக்குப் படிக்கீரா?" என்று கேட்டாள் சிரித்த பெண். தண்ணீர் சுமக்கிற வேலை மச்சானுக்கு. அலை வரும்போது குடத்தை நீட்டினால் மணலும் சேர்ந்து வருகிறது; அலை திரும்பும்போது மொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு குடமும் வேட்டியும் நனைய வேண்டியிருந்தது.

"எங்க போறிய, இந்த ரோட்டுல?" என்று மூத்தவள் அக்காவிடம் கேட்டாள். அக்கா சொன்னாள். டீச்சர், அழகர், பதினோரு வருஷம், பூசணிக்காய், எல்லாவற்றையும் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"அதுக்கா மதுரையில இருந்து வாறிய?"

"ஆமா."

"பாக்காட்டி என்ன?"

"ஒண்ணுமில்ல. பாக்கணும்."

மூத்தவள் எழுந்து கொட்டகைக்குள் போய், நிழலில் படுத்திருந்த இரண்டு கிழவிகளை எழுப்பிக் கூட்டி வந்தாள். நாலு மணி ஆனபோது, "மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க பொறப்படுங்க" என்றாள். அக்கா தன் முன்னால் இருந்த குவியலைப் பார்த்து, "இத முடிச்சிட்டு" என்றாள். முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கார் கிளம்பியபோது நாலு நாற்பது.

"வே, மதுர!" மூத்தவள் கூப்பிட்டுச் சொன்னாள். "அடுத்த ஊருலயும் காயப் போட்டிருப்பாவ. அங்க ஒதவி செய்யாண்டாம்."

அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நேர் சாலையென்றால் ஒரு மணி நேரம். இந்தச் சாலையில், பாலங்களும் மணலும் ஆடுகளும் சேர்ந்து, எனக்கே நம்பிக்கை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த மச்சான் கையில் செதில் ஒட்டியிருந்தது. வளைவுக்கு முன் ஹாரன், வளைவில் பிரேக், வளைவு தாண்டி வேகம். எனக்குக் குற்ற உணர்ச்சி. திருநெல்வேலி வழியாகப் போயிருந்தால் மூன்று மணிக்கே கடற்கரையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன்: மைல்கல்லைப் பார்த்துக் கணக்குச் சொன்னேன்.

"முப்பத்தெட்டு மச்சான். அஞ்சு நாப்பது."

"ம்."

"இருபத்தொம்பது. ஆறு மணி."

ஆறு மணிக்கு மேல் சாலை மேற்கே திரும்பத் தொடங்கியது. சூரியன் நேரே முன்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. மச்சான் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். அடுத்த வளைவில் அது வலப்பக்கம் போயிற்று. நான் மடியில் இருந்த வரைபடத்தையும் கடிகாரத்தையும் குனிந்து பார்த்து, இருபத்துநாலு, ஆறு பத்து என்றேன். பிறகு இருபத்தொன்று, ஆறு பதினேழு. பின்சீட்டில் அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்வது கேட்டது. ரெக்சின் சீட்டு கிறீச்சிட்டது. தூக்கிப் போடுகிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க, மெதுவாப் போங்க" என்றாள்.

"மெதுவாப் போனா எங்கிட்டுப் போயிச் சேர்றது? ஏன், வாந்தி வருதா?"

"இல்ல. பாத்துட்டேன்."

"என்னத்த?"

"ரெண்டையுந்தான்."

மச்சான் வண்டியை மணலில் இறக்கி நிறுத்தினார். இருவரும் ஆளுக்கொரு கதவைத் திறந்துகொண்டு குதித்தோம். மேற்கே பனந்தலைகளுக்குப் பின்னால் செக்கச் சிவந்த வானம் இருந்தது; சூரியன் இல்லை. கிழக்கே, கடலுக்கு இரண்டு முழம் மேலே, வெளுத்த அப்பளம் போல நிலா நின்றிருந்தது.

"எப்பப் பாத்த?" என்று மச்சான் கேட்டார்.

"அப்பயிருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன். முன்கண்ணாடியில அது, பின்கண்ணாடியில இது. வளைவு திரும்புனா இந்த ஜன்னல்ல அது, அந்த ஜன்னல்ல இது. நாலஞ்சு வளைவுக்கு மாத்தி மாத்தி வந்துச்சு."

"ஒரு சத்தங் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா நீங்க திரும்பிப் பாப்பீக. கார் கடலுக்குள்ள போயிருக்கும்."

எனக்குத் தாங்கவில்லை. பதினோரு ஆண்டாக அவள் காத்திருந்தாள், சரி. ஆனால் மூன்று மாதமாகப் பஞ்சாங்கம் பார்த்தவன் நான். சூரியன் முழுசாக இருந்ததா, பாதியா? நிலா கடலைத் தொட்டுக்கொண்டிருந்ததா, மேலே வந்துவிட்டதா? எத்தனை நிமிஷம் சேர்ந்து நின்றன?

"நீ என்னடா, சென்சஸா எடுக்குற? முன்னாடிதானே ஒக்காந்திருந்த?"

"நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்க்கா."

"நல்லாப் பாத்த" என்றாள்.

மச்சான் திரும்ப வண்டியை எடுத்தபோது வேகமே இல்லை. நிலா எந்தக் கண்ணாடியில் வருகிறது என்று அவர் தேடத் தொடங்கிவிட்டார். "முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்று அக்கா இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது.

கன்னியாகுமரியில் ஏழு பத்துக்குப் போய் நின்றோம். பார்க்க வந்த கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. அக்காவின் கையிலும் சேலையிலும் கருவாட்டு மணம். எதிரே வந்தவர்கள் கொஞ்சம் விலகியே நடந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாளிடம் அக்கா கேட்டாள்.

"ரெண்டும் நல்லாத் தெரிஞ்சுதாம்மா?"

"எங்கம்மா! மேக்க கடலோரமாப் பூரா மேகம். சூரியன் கடைசியில காணவே இல்ல. மத்தியானமே வந்து எடம் பிடிச்சு உக்காந்திருந்தோம்."

"ஐயையோ" என்றாள் அக்கா, உண்மையாகவே வருத்தத்தோடு. அந்த அம்மாள் நான்கடி தள்ளிப் போகும் வரைக்கும் முகத்தை அப்படியே வைத்திருந்தாள். பிறகு என் விலாவில் முழங்கையால் ஓங்கி ஓர் இடி இடித்துவிட்டு, கால் நனைக்கக் கடலைப் பார்த்து நடந்தாள்.